கடலோரத்தில் வீடு கட்ட யாரைக் கேட்பது?

வங்கக் கடல் திண்டிவனத்திற்குக் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் மரக்காணம் போய்ச் சேரலாம். ஆயினும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கடலைச் சுற்றுலா நாளில் மட்டுமே கண்டவர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் குப்பத்துத் தோழியருக்கோ கடல் வாசற்படியை ஒட்டிய அண்டை வீடு. "சொந்த மனை இருக்கிறது, பணமும் கொஞ்சம் சேர்த்தாயிற்று, பிறகு வீடு கட்ட இன்னோர் அனுமதி எதற்கு?" என்னும் பேச்சு அவர்கள் இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அதற்கு விடை தேடிக் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் பகுதியின் பழம்பெருமையை ஒரு வரியில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிறுபாணாற்றுப்படையில் புகழப்பெற்ற நல்லியக்கோடன் ஆண்டது நமது ஓய்மாநாடு. அவனுடைய கிடங்கில் திண்டிவனத்தை அடுத்த இன்றைய கிடங்கல் என்றும், எயிற்பட்டினம் மரக்காணமே என்றும் அறிஞர் கூறுவர். அலையும் காற்றும் குவித்த மணலுக்கு 'எக்கர்' என்று தனிப்பெயரே வைத்திருந்தனர் சங்கப் புலவர். நாமோ அதை வெறும் மணல் என்று எண்ணி லாரியில் ஏற்றுகிறோம்!

அந்த மணல்மேடு உண்டாகும் விதத்தை முதலில் அறிந்தால் சட்டம் எளிதில் விளங்கும். அலை கரையில் போட்ட மணல் வெயிலில் உலர்கிறது. கடற்காற்று அதை உள்நோக்கி உருட்டிச் செல்கிறது. வழியில் அடப்பங்கொடியோ இராவணன் மீசை என்னும் முட்புல்லோ இருந்தால் காற்றின் வேகம் குறைந்து மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. மணல் மூட மூடக் கொடி மேலேறிப் படர்கிறது. கொடி படரப் படர மேலும் மணல் சேர்கிறது. மழைக்காலத்தில் சீறிவரும் கடல் மேட்டின் அடியை அரித்து மணலை எடுத்துச் செல்லும். கோடையில் அமைதியானதும் அதையே திருப்பிக் கொண்டுவந்து போடும். குதிரில் நெல்லைச் சேர்த்து வைத்துப் பஞ்ச காலத்தில் எடுப்பதைப் போன்றதே இது. அந்தக் குதிரின்மேல் ஒருவர் சுவர் எழுப்பிவிட்டால் கடலுக்குக் கொடுக்க மணல் இராது. அது சுவரையே கேட்கும்.

இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாதது. மேட்டில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் அதிசயம் இதனால்தான். ஆழ்குழாய் இறக்கி மோட்டாரால் உறிஞ்சினாலோ அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளிலிருந்து குடிநீர் பெற்று வருகிறது என்று படித்தபோது வியந்தோம். அந்நாட்டினர் மணற்குன்றுகளைக் கோட்டை மதிலைப்போல் காக்கிறார்கள், புல் நட்டு வளர்க்கிறார்கள். தை, மாசி, பங்குனியில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் நம் கரையில் இந்த மணலே பிரசவ அறை.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். கடல் மிக உயர்ந்து ஏறும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரையாவது கடற்கரையை விட்டு வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் கடிதமாகவே இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. சி.ஆர்.இசட். என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். அது 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2019 அறிவிக்கை ஒரு மாநிலத்தில் நடைமுறைக்கு வருவது, அதன்படி வரைந்த அம்மாநில வரைபடத்தை மத்திய அரசு ஏற்ற பிறகே. அதுவரை 2011 விதிகள் செல்லும்.

எல்லா அளவுகளுக்கும் தொடக்கம் உயர் ஓதக் கோடு. பருவ ஓதத்தின்போது கடல்நீர் மிக அதிகமாக ஏறித் தொடும் எல்லை அது. கரையில் கண்ணால் பார்த்து இதை நிச்சயிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அளந்து வரைபடத்தில் குறிக்கின்றன. சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று. 1:4,000 அளவுள்ள வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 40 மீட்டர். ஆகவே 200 மீட்டர் தூரம் 5 சென்டிமீட்டராகவும், 500 மீட்டர் 12.5 சென்டிமீட்டராகவும் இருக்கும். அளவுகோல் ஒன்று போதும், ஒரு மனை எங்கே நிற்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியே கண்டுபிடித்துவிடலாம்!

மணல்மேடு, சதுப்புநிலக் காடு, உப்புச் சதுப்பு, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. அங்கே வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அழகுபடுத்துவதற்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ மணல்மேட்டைச் சமன் செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளது. கட்டி முடிந்த நகரப்பகுதி இரண்டாம் வகை. நமது குப்பங்களைப் போன்ற கிராமக் கரை மூன்றாம் வகை. 2011 விதிப்படி அங்கே கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. முறையான அனுமதியுடன் ஏற்கெனவே நிற்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம். 200 முதல் 500 மீட்டர் வரை உள்ளூர் மக்கள் வீடு கட்டலாம். ஆனால் உயரம் 9 மீட்டரைத் தாண்டக்கூடாது, தரைத்தளத்தின்மேல் ஒரு மாடிக்குமேல் எழுப்பக்கூடாது. மீனவர் முதலிய பாரம்பரியக் கடலோர மக்களுக்கு மட்டும், மாநில அரசு வகுக்கும் திட்டத்திற்கு உட்பட்டு, 100 மீட்டருக்கு அப்பாலேயே இடம் உண்டு. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளில் 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்துள்ளது. இது எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மக்கள் நெருங்கி வாழ்வதால் அலை மெதுவாக வரப்போவதில்லை அன்றோ?

கடல் நேரில் தெரியாவிட்டாலும் சட்டம் உண்டு. ஓதநீர் ஏறும் கழிமுகமும் காயலும் இதில் அடங்கும். மரக்காணம் அருகே கடலோடு சேரும் கழுவேலி ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது அது.

யாரிடம் விண்ணப்பிப்பது? இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஊராட்சியில் வரைபடம் கொடுத்து ரசீது வாங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். 2019 அறிவிக்கைப்படி, 300 சதுர மீட்டர் வரையிலான, தாமே குடியிருக்கும் வீட்டிற்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். அதுவும் கடலோர விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தரவேண்டும். அதற்கு மேற்பட்டவற்றிற்கு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை முதலில் வேண்டும். திட்ட அனுமதி பிறகுதான். ஆணையத்திற்கு உதவ மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும் என்றும், மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூவராவது அதில் இடம்பெற வேண்டும் என்றும் 2011 அறிவிக்கை கூறுகிறது. இந்த மூவர் யார் என்பதைக் குப்பத்தில் உள்ளோர் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் மரடு சாட்சி. கொச்சியை ஒட்டிய அவ்வூரில் காயல் கரையில் நான்கு அடுக்குமாடித் தொகுதிகள் எழுந்தன. 2006இல் உள்ளூர்ப் பஞ்சாயத்து அனுமதி தந்திருந்தது; கடலோர ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்து அவை சில வினாடிகளில் தரைமட்டமாக்கப்பட்டன. சேமிப்பெல்லாம் போட்டு வாங்கியவர்கள் அரிசிப் பானையோடும் புத்தகப் பையோடும் வெளியேற வேண்டியதாயிற்று. அனுமதி தந்தவரும் கட்டி விற்றவரும் செய்த பிழைக்குக் குடியிருந்தவர் தெருவில் நின்றனர்.

நம் மாவட்டத்தில் கதை வேறு விதம். இங்கே வீடு கடலை நோக்கிப் போகவில்லை. கடலே வீட்டை நோக்கி வந்தது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் நீட்டிய கல் அணைகள் அந்த மணலை வழிமறித்தன. வடக்கே கரை கரைந்தது. புதுச்சேரி நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு கல் முடிந்த இடத்திற்கு அப்பால் தாவியது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாக வீடும் படகுத்துறையும் பறிபோயின. கரை பின்வாங்கினால் உயர் ஓதக் கோடும் பின்வாங்கும். பாட்டனார் காலத்தில் கடலுக்கு வெகுதூரம் தள்ளிக் கட்டிய வீடு, ஓர் அடியும் நகராமலேயே, பேரன் காலத்தில் 200 மீட்டருக்குள் வந்துவிடுகிறது! இதற்கு அந்தக் குடும்பம் எந்த அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்க முடியும்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அதன்பின் தமிழகக் கரையை ஆராய்ந்த கோவா தேசியக் கடலியல் நிறுவன அறிவியலாளர், மணற்குன்றும் மரக்கூட்டமும் நின்ற இடங்களில் அலையின் வேகம் தணிந்ததை எடுத்துக் காட்டினர். 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தோர் அப்பால் செல்ல இசைந்தால் ரூ.1.50 லட்சம் மதிப்புள்ள புது வீடு இலவசம். செல்ல விரும்பாதோர் தம் செலவில் பழுதுபார்த்துக் கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. உயிரைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் விட்டுவரும் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றபோது பலர் தயங்கினர். படகும் வலையும் என்ஜினும் கரையில் கிடக்க, ஆள் மட்டும் தூரத்தில் எப்படி உறங்குவது? எங்கள் தோழி ஒருத்தியின் ஆயா, "கடலு சத்தம் மாறுறது வாசல்ல படுத்துக் கெடக்கிறவங்களுக்குத்தாண்டி கேக்கும்" என்பாராம். குப்பம் காலி செய்த மணலில் நாளை உல்லாச விடுதி வராது என்று யார் சொல்வது என்பதும் அவர்கள் அச்சம். எங்கள் கருத்து இதுதான்: கடலில் பிழைப்போர் வேறு, கடலைப் பார்க்க வருவோர் வேறு. இருவரையும் ஒரே நாடாவால் அளப்பது நியாயமாகாது. விடுதிக்காரர் 500 மீட்டர் தள்ளிப் போனால் அவருக்குக் காட்சி மட்டுமே குறையும்.

அந்த நியாயம் கிடைக்க வழி வரைபடத்தில்தான் உள்ளது. 2023இல் நம் மாநிலத்தின் புதிய கடலோர வரைவு வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டபோது, குப்பங்களும் மீனவர் பயன்படுத்தும் பொது இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் குறை கூறின. ஆகவே மனை வாங்கவோ வீடு கட்டவோ எண்ணுவோர் பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றோடு தம் ஊரின் கடலோர வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். புல எண்ணைத் தேடிப் பிடித்து, அளவுகோலை வைத்து 5 சென்டிமீட்டர் அளந்து பாருங்கள். வலை உலர்த்தும் திடல், படகு ஏற்றும் இடம், சாவடி, மணல்மேடு இவை விடுபட்டிருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு சேர்ந்து ஆட்சியருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து, அதன் நகலில் தேதியிட்ட முத்திரை பெற்றுப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள்.