மின்சாரம் கேட்டுப் பெறும் கருவிகள்

விடுதித் தாழ்வாரத்தில் கூரையை ஒட்டி வெள்ளைத் தட்டுப்போல ஒரு கருவி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் அறைகளுக்கு வைஃபை தரும் அக்சஸ் பாயிண்ட் அது. அதற்கெனத் தனி மின்கம்பி கிடையாது. செய்தி செல்லும் ஈதர்நெட் கம்பியிலேயே மின்சாரமும் வருகிறது. அனுப்புவது, மாடிப்படியருகே பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சுவிட்சு. விளக்குச் சுவிட்சு அன்று. கணினிக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சு.

மறுமுனையில் இருப்பது எது என்று சுவிட்சுக்கு எப்படித் தெரியும்? நம்மில் ஒருவர் மடிக்கணினியைச் செருகிவிட்டால், ஐம்பது வோல்ட் பாய்ந்து அது கெட்டுவிடாதோ? கெடாது. சுவிட்சு எடுத்த எடுப்பில் மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை. முதலில் 2.8 முதல் 10 வோல்ட்டுக்குள் சிறு அழுத்தம் கொடுத்து, மறுமுனையின் மின்தடையை அளக்கிறது. ஏறத்தாழ 25,000 ஓம் இருந்தால்தான் மின்சாரம் வாங்கும் கருவி என்று கொள்கிறது. பிறகு அழுத்தத்தைச் சற்றே உயர்த்தி, கருவி இழுக்கும் மின்னோட்டத்தைக் கொண்டு அதன் வகுப்பை அறிகிறது. முழு மின்சாரம் அதன் பின்னரே. பேச்சைக் கேட்குமுன் ஓம் விதியை நம்பும் இந்த ஏற்பாடு, பௌதிகம் படிக்கும் எனக்கு மிகவும் பிடித்தது.

2003ஆம் ஆண்டின் ஐ.ஈ.ஈ.ஈ. தரப்படி சுவிட்சு 15.4 வாட் தரலாம், கருவியோ 12.95 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. இடையிலுள்ள 2.45 வாட் எங்கே போயிற்று? மின்னோட்டம் 0.35 ஆம்பியர், 100 மீட்டர்க் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்து, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பாருங்கள். கம்பி சூடாகித் தானே உண்டுவிடும் பங்கு அது! இந்த 15.4 வாட் 2009இல் 30 ஆகவும், 2018இல் 90 ஆகவும் உயர்ந்தது.

உயிர் பெற்ற கருவி இனிப் பேசத் தொடங்கும். அந்தப் பேச்சுக்குரிய நெறி, 2005இல் தரமாக வெளிவந்த எல்.எல்.டி.பி. வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை, 'என் பெயர் இது, நான் இன்ன வகை' என்று இரு முனைகளும் அறிவிக்கின்றன. அறிவிப்பு அண்டை வீட்டைத் தாண்டாது. வாங்கிய சுவிட்சு அதை மேலே அனுப்புவதில்லை. 120 விநாடி பேச்சில்லையேல் அண்டையார் பெயர் ஏட்டிலிருந்து நீங்கும். இதே அறிவிப்பில்தான் கருவி தன் மின் தேவையைப் பத்தில் ஒரு வாட் நுட்பத்துடன் கேட்கிறது. சுவிட்சு கையிருப்பைப் பார்த்து ஒதுக்குகிறது.

கேட்பதால் என்ன பயன்? மொத்தம் 370 வாட் தரக்கூடிய சுவிட்சு, வகுப்பை மட்டும் பார்த்து ஆளுக்கு 30 வாட் ஒதுக்கினால் 12 கருவிகளோடு கை விரித்துவிடும். கம்பி இழப்பும் சேர்த்து 18 வாட் போதும் என்று அவை கேட்டுக்கொண்டால் 20 கருவிகள் வாழலாம்.

அறிவிப்பில் கருவியின் வகையும் மென்பொருளின் பதிப்பும் வெளிப்படுவதால், பாதுகாப்புக் கருதிச் சில நிர்வாகிகள் இந்நெறியை முழுவதும் நிறுத்திவிடுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் பேச்சின்றி 15.4 வாட்டுக்கு மேல் தராத சுவிட்சாயின், கூடுதல் வேண்டும் அக்சஸ் பாயிண்ட் ஆண்டெனாக்கள் சிலவற்றை அணைத்துக்கொண்டு அரைவயிற்றோடு வேலை செய்யும். விளக்கு என்னவோ எரியும்! தாழ்வாரக் கடைசி அறை மாணவர் தம் கைப்பேசியைக் குறை கூறுவார். அறைகளுக்குச் செல்லும் துவாரங்களில் மட்டும் நெறியை நிறுத்தி, கூரைக்குச் செல்லும் துவாரங்களில் விட்டுவைத்தால் இரண்டு குறையும் தீரும்.