‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு’

டிரெய்லரில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரும் பொக்லைனோடு இந்த வாக்கியமும் கூடவே வந்து இறங்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு சார், காலையில திடீர்னு ஜாம் ஆயிடுச்சு.” ஓனர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சம்பைக் கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் செம்பு தெரிகிற அளவுக்குத் தேய்மானம். லைனரின் மேல் விளிம்பில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருக்கும். ஒரே ராத்திரியில் வருகிற தேய்மானமா இது? பல நூறு மணி நேரமாக இன்ஜின் புகையாகவும் சூடாகவும் ஆயிலாகவும் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது யார் காதிலும் விழாமல் போனதற்குக் காரணம், சைட்டுக்கு சைட் வாய்வழியாகப் பரவுகிற சில நம்பிக்கைகள். மாதத் தவணை கட்டி மெஷின் ஓட்டுகிறவருக்கு இன்ஜின் வேலை வந்தால் ரிப்பேர் பில் ஒரு பக்கம், மெஷின் நிற்கிற நாட்களின் வாடகை இன்னொரு பக்கம். அதனால் இந்த நம்பிக்கைகளைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடுவோம்.

“ஏர் ஃபில்டரைத் தினமும் காத்தடிச்சு சுத்தமா வெச்சிருக்கேன்”

இதைச் சொல்கிற ஆபரேட்டர் அக்கறையுள்ளவர். அந்த அக்கறையே இன்ஜினைத் தின்கிறது என்பதுதான் வருத்தம். 4.4 லிட்டர் கொள்ளளவுள்ள நாலு சிலிண்டர் இன்ஜின் 2,200 ஆர்பிஎம்மில் ஓடும்போது, டர்போவின் உதவியைக் கணக்கில் சேர்க்காமலேயே, நிமிடத்துக்கு நாலாயிரம் லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். குவாரியிலும் எம்-சாண்ட் கிரஷர் பக்கத்திலும் அந்தக் காற்றில் மிதப்பது கல் மாவு. கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், சாதாரணக் கத்தி இரும்பைவிடக் கடினமானது. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத தூசி அங்கே புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

பாறையில் டிரில் அடிக்க வைத்திருக்கும் கம்ப்ரசர் சுமார் 7 பார் அழுத்தத்தில் காற்று தரும். அந்த ஹோஸை அப்படியே ஃபில்டருக்குக் காட்டுகிறார்கள். காற்றடிக்க அனுமதிக்கிற மேனுவல்களில் சொல்லும் அளவு பொதுவாக 2 பாரை ஒட்டியே இருக்கும். அதுவும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, நாசிலைத் தள்ளிப் பிடித்து. மடிப்புத் தாளில் விழுந்த பொத்தல் வெளிச்சத்தில் தெரியாது. இருட்டில் ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் அந்த ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். டயரில் தட்டித் தூசி உதிர்த்தால் ஃபில்டரின் ஓரம் நசுங்கி, சீல் உட்காராமல் போகும். உள்ளே இருக்கும் சின்ன சேஃப்டி ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. புத்தம் புது ஃபில்டரைவிட, கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் இன்னும் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே அடுத்து வரும் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. தினமும் கழற்றினால் அந்தப் பலன் போகும். போதாதென்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்தில் விழும். ரெஸ்ட்ரிக்‌ஷன் இண்டிகேட்டர் சிவப்பைக் காட்டும்போது ஃபில்டரில் கைவைத்தால் போதும்.

தினமும் பார்க்க வேண்டியது, ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் அதன் கிளாம்புகளையும். சர்வீஸின்போது அந்த ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதியாக மாட்டிவிடலாம். சாம்பல் நிறத்தில் பொடி வந்தால், அந்தத் தடம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் ஓட்டை. டர்போவின் பிளேடு முனைகள் மழுங்கியிருந்தால் தூசி வெகுநாளாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று பேக் கம்ப்ரஷன் அடிப்பது இதற்கெல்லாம் பிறகு வருகிற கட்டம். நாம் பெரும்பாலும் அங்கேதான் விழித்துக்கொள்கிறோம்.

“கூலன்ட் எல்லாம் பனி கொட்டுற ஊருக்கு”

கரூரிலும் வேலூரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தண்ணீர் உறையாமல் இருக்க மருந்து எதற்கு என்ற கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் உறையாமல் காப்பது கூலன்ட்டின் வேலைகளில் ஒன்றுதான். பெரிய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போதெல்லாம் லைனர் அதிரும். அந்த அதிர்வில் லைனரை ஒட்டி நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி, அடுத்த கணமே உடையும். உடைகிற ஒவ்வொரு குமிழியும் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுக்கும். நாளடைவில் லைனரில் ஊசித்துளை விழுந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, அங்கிருந்து ஆயிலில் கலந்துவிடும். இப்படிப் போன லைனரைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் பளபளவென்று இருக்கும். வெளிப்பக்கம் ஒரு நேர்க்கோட்டில் புழு அரித்ததுபோல் குழிகள்.

கூலன்ட்டில் உள்ள ரசாயனங்கள் இரும்பின்மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி இந்த அரிப்பைத் தடுக்கின்றன. வெறும் தண்ணீருக்கு அந்தச் சக்தி இல்லை. போர்வெல் தண்ணீராக இருந்தால் உப்பு வேறு படிந்து ரேடியேட்டர் டியூபை அடைக்கும். ஆள் அரவமற்ற சைட்டில் அவசரத்துக்குத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமென்றால் ஆர்ஓ தண்ணீரை ஊற்றி மெஷினைக் கொண்டுவந்துவிட்டு, கூலன்ட் கலவையைப் பிறகு சரிசெய்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாது”

இந்த யோசனையைத் தராத மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரட்டை வேலை. சூடேறியதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்; அதே நேரத்தில், ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் குறுக்கே பம்புக்குத் திரும்பும் பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினையே சுற்றிவரும். லோடு ஏறும்போது, ஹீட் ஆகாமல் இருக்கச் செய்த காரியத்தாலேயே ஹீட் ஆகும்.

லோடு குறைவாக இருக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. இன்ஜின் போதிய சூட்டுக்கு வராமலே ஓடும். சிலிண்டர் சுவரில் டீசல் முழுசாக எரியாமல் வழிந்து ஆயிலைக் கழுவும்; சம்பில் ஈரம் சேர்ந்து ஆயில் சகதியாகும். ஹீட் ஆகிற மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் வெளிப்புறம். ஆயில் கசிவும் தூசியும் சேர்ந்து ஃபின்களுக்கு நடுவே களிமண்ணாக இறுகியிருக்கும். காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, ஃபின்கள் மடங்காதபடி மெதுவாகக் கழுவ வேண்டும். அடுத்து பெல்ட், மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். ஹெட் கேஸ்கெட்டின் மேல் பழியைப் போடுவது கடைசியில்தான்.

ஆயில் பற்றி மூன்று கதைகள்

ஆயில் கறுத்துவிட்டால் செத்துவிட்டது என்பது ஒன்று. டீசல் இன்ஜினில் புது ஆயில் சீக்கிரமே கறுக்கும். கரியைப் படியவிடாமல் தன்னிலேயே மிதக்க வைப்பதுதான் அதன் வேலை. மாற்றுவதற்குக் கணக்கு, இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் அவர் மீட்டரும் மேனுவலும்.

“என் வண்டி ஆயிலே குடிக்காது, லெவல் ஏறிக்கூட இருக்கு” என்று பெருமைப்படுவது இரண்டாவது. இதைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். ஊற்றாத ஆயில் ஏறினால் உள்ளே வேறு ஏதோ இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறதா? இன்ஜெக்டரையோ பம்ப் சீலையோ சந்தேகப்படுங்கள். ஆயில் மோர் நிறத்தில் திரிந்திருக்கிறதா? தண்ணீர். இரண்டில் எது என்றாலும் மெஷினை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். நீர்த்த ஆயிலில் பேரிங் தாங்காது.

மூன்றாவது, ஆயில் பிரஷர் குறைந்தால் கெட்டி ஆயில் ஊற்றுவது. மீட்டர் முள் ஏறும், தேய்ந்த பேரிங் அப்படியே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். அந்த நேரத்தில் தேய்மானம் இன்னும் கூடும்.

இதற்கெல்லாம் காசில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. மாற்றும்போது கழற்றிய ஆயில் ஃபில்டரைக் குப்பையில் போடாமல் அறுத்து, உள்ளே இருக்கும் தாளை நீட்டி விரித்து, வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங் அல்லது புஷ். காந்தத்தில் ஒட்டினால் இரும்புச் சாமான். வெள்ளியாக மின்னியும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். லேபுக்கு ஆயில் சாம்பிள் அனுப்ப முடிந்தவர்கள் ரிப்போர்ட்டில் சிலிக்கான் அளவைக் கவனியுங்கள். அதுவும் இரும்பும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போகிறது.

“கரும்புகை தள்ளினா பவர் இருக்குன்னு அர்த்தம்”

கரும்புகை, எரியாமல் வெளியே போகும் உங்கள் டீசல். காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம். பம்பை ஏற்றி வைத்து ஓட்டினால் கொஞ்ச நாள் வேகம் கிடைக்கும். பிஸ்டன் தலையும் டர்போவும் அந்தச் சூட்டைத் தாங்குவது சில காலம்தான். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் ஆனதும் வருகிற வெண்புகை மறைந்துவிட்டால் கவலை இல்லை. மறையாமல் நின்று, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மேலே சொன்ன லைனரையும் கேஸ்கெட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் இன்ஜினை அடிக்கடி அணைக்கக் கூடாது என்பதில் பாதி உண்மை. கடும் லோடுக்குப் பிறகு டர்போ ஆறுவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும். அது போதும். லாரிக்காகக் காத்திருக்கும் அரைமணி நேரமும் ஓடவிட்டால், சூடு குறைந்து கரி படியும், அவர் மீட்டரும் வீணாக ஓடும்.

“துணியில வடிகட்டித்தான் டீசல் ஊத்துறோம்”

பழைய மெக்கானிக்கல் பம்புக்கே அது போதாது. இந்தியாவில் 2021 ஏப்ரலில் கட்டுமான இயந்திரங்களுக்குப் புதிய மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் இன்ஜின்கள் சைட்டுகளில் பெருகிவிட்டன. ரெயிலுக்குள் அழுத்தம் 1,600 பாருக்கு மேல்கூடப் போகும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். அந்த இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான். துணியின் இழைகளுக்கு நடுவே இருப்பது அதைப்போலப் பல மடங்கு. பேரலை அசையாமல் வைத்து, அடியிலிருந்து இழுக்காமல் மேலாக எடுங்கள். டேங்கைச் சாயங்காலமே நிரப்பிவிட்டால் ராத்திரிக் குளிரில் உள்ளே ஈரம் கட்டாது. காலையில் வாட்டர் செபரேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். புது டீசல் ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுகிற வழக்கத்தையும் காமன் ரெயிலில் விட்டுவிட வேண்டும். நடுத்துளையில் ஊற்றிய டீசல் வடிகட்டப்படாமலே நேராக இன்ஜெக்டருக்குப் போகும். காலியாக மாட்டி, ஹேண்ட் பிரைமரால் அடித்து ஏற்றுங்கள்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணிப் பார்ப்பது பழைய கைவேலை. காமன் ரெயிலில் அதை ஒருநாளும் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல் நேராக அறுவை சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் பாய்ந்தது என்றே சொல்லுங்கள். கசிவைத் தேட அட்டையைப் பிடியுங்கள், கையை வைக்காதீர்கள். வேலை செய்யாத சிலிண்டரை ஸ்கேனரில் கட் செய்து பார்க்கலாம். ஸ்கேனர் இல்லையா, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தொடாமல் சூடு அளக்கும் தெர்மாமீட்டரை சைலன்சர் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயிலும் காட்டுங்கள். எது சூடேறப் பின்தங்குகிறதோ அந்த சிலிண்டர்தான்.

“போன பார்ட்டை மாத்தியாச்சு, இனிமே பயமில்லை”

என் பார்வையில் எல்லாவற்றிலும் செலவு வைக்கிற நம்பிக்கை இதுதான். டர்போ போனது என்று புது டர்போ மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் அதுவும் போகிறது. டர்போவைக் கொன்ற காரணம் வெளியே இருந்திருக்கும்: அடைத்த ஆயில் ஃபீட் பைப், கிழிந்த ஹோஸ், மாற்றாத ஆயில். புதியதை மாட்டும் முன் ஃபீட் பைப்பையும் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி, ஆயில் தடையில்லாமல் வருகிறதா, போகிறதா என்று பாருங்கள். பழைய டர்போவின் பிளேடு உடைந்திருந்தால் அதன் துண்டுகள் இன்டர்கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் இன்ஜினை ஓட்டினால், அந்தத் துண்டுகள் லோடு ஏறும்போது காற்றோடு சேர்ந்து நேராக சிலிண்டருக்குள் போகும்.