நாற்பதில் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு…

மாஸ்டர் செக்கப்பில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கும். அலுவலக நண்பர் மெடலைக் கடித்தபடி நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதில் காலை ஒரு மணி நேரம் நமக்கென்று கிடைத்திருக்கும். நடுத்தர வயதில் ஓட வருகிறவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வந்தவர்களில் பலர் சில வாரங்களிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது சோம்பலால் அல்ல, அவசரத்தால். கீழே உள்ள குறிப்புகளில் பாதி, அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போடுவதற்குத்தான்.

1. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், நெருங்கிய உறவில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். ‘ஓடப்போகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி, ஈசிஜி தேவையா என்று கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ‘வாயுதான்’ என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடக்கும் வேலை வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. வேகமான நடை அரை மணி நேரம் சிரமமில்லாமல் கைகூடிய பிறகே ஓட்டத்துக்கு வாருங்கள். இதற்கு இரண்டு மூன்று வாரம் போனாலும் போகட்டும்.

3. முதல் நாளே தெருக்கோடி வரை மூச்சிரைக்க ஓடாதீர்கள். உலகம் முழுக்கப் புதியவர்கள் பின்பற்றும் ‘கவுச் டு 5கே’ திட்டத்தை 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் வகுத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடை, பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை. இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் ஒன்பது வாரம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுவாரமும் செய்யுங்கள். ஒன்பது பன்னிரண்டானால் யாரும் ஃபைன் போடப்போவதில்லை.

4. எவ்வளவு வேகம்? ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதற்குக் கைக்கடிகாரமோ செயலியோ தேவையில்லை. இந்தக் குறிப்பைத்தான் எல்லோரும் படிப்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரத்தில் ‘இப்போதெல்லாம் மூச்சே வாங்குவதில்லை’ என்று உற்சாகமாக வேகத்தைக் கூட்டுவோம், நான்காவது வாரத்தில் முன்கால் எலும்போரம் வலிக்கத் தொடங்கும். நடந்து போகிறவர் உங்களை முந்தினாலும் விடுங்கள், போகட்டும்.

5. இலக்கைத் தூரத்தில் வைக்காமல் நேரத்தில் வையுங்கள். ‘நிற்காமல் 30 நிமிடம்’ என்பது நல்ல முதல் இலக்கு. அடுத்து 5 கி.மீ., பிறகு 10 கி.மீ. அரை மாரத்தானின் 21.1 கி.மீ.க்கு அதன்பிறகு வரலாம். முழு மாரத்தான் 42.195 கி.மீ. அதை முதல் வருடத்திலேயே ஓடியாக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஓடிய நிமிடங்களை ஹாலில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதிவையுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்தில் ஓட்டக் கணக்கும் இருந்தால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

6. தினமும் ஓடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். உடம்பு பலப்படுவது ஓய்வு நாளில்தான். பெரியவர்களுக்கு வாரத்தில் 75 முதல் 150 நிமிடம் கடின உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று நாள் ஓட்டத்தில் இது வந்துவிடும்.

7. ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே மாட்டிக்கொண்டு அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். கடைக்காரர் காட்டும் விலையுயர்ந்த ஷூவைவிட, கடைக்குள் நாலு எட்டு ஓடிப் பார்த்ததும் காலுக்குச் சுகமாக இருக்கும் ஷூவே மேல். வாங்கிய தேதியை ஷூ நாக்கின் உள்பக்கம் பேனாவால் எழுதிவையுங்கள். 500 முதல் 800 கி.மீ.க்குள் உள்ளே இருக்கும் மெத்தை செத்துவிடும். அடிப்பாகம் புதிதுபோல இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய ஷூவைக் காய்கறி வாங்கப் போட்டுக்கொள்ளலாம்.

8. ஷூவின் மேல்முனையில், கணுக்கால் பக்கம், கொஞ்சம் தள்ளி ஒரு உபரி ஓட்டை இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. லேஸை வெளியிலிருந்து உள்ளே அந்த ஓட்டையில் செருகி இரு பக்கமும் சின்ன வளையம் விடுங்கள். வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் வழுக்காது, கொப்புளமும் வராது.

9. மழையில் ஷூ நனைந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள் அட்டையை உருவிவிட்டு, நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்கடியில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளுக்குள் காய்ந்துவிடும். நாற்றத்துக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவை இரவில் உள்ளே தூவி, காலையில் தட்டிவிடுங்கள்.

10. டிரை-ஃபிட் பனியன்களைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான திரவம் ஊற்றாதீர்கள். அது துணியில் படிந்து, வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். வியர்த்த துணியை வாளியில் சுருட்டிப் போடாமல், வந்தவுடன் தண்ணீரிலாவது அலசிப் பிழிந்துவிடுங்கள்.

11. நம் கடலோர ஊர்களில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, உடம்பும் குளிராது. விடிவதற்கு முன்பே கிளம்பி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் தூரத்தைக் குறைத்து, நடையைக் கூட்டுங்கள். நான்காவது குறிப்பில் சொன்ன பேச்சுச் சோதனைதான் அப்போதும் அளவுகோல். டிசம்பரில் ஓடிய வேகம் மே மாதத்தில் வராது, வர வேண்டியதும் இல்லை.

12. அரை மணி நேர ஓட்டத்துக்கு வழியில் தண்ணீர் அவசியமில்லை. கிளம்பும் முன் ஒரு டம்ளர் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்து ஆபத்தாகும். வீடு திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ நல்லது. கிளம்பும் முன் பாதி வாழைப்பழம், வந்த பிறகு இட்லி சாம்பாரோடு ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் பையில் கட்டாயம் குளுக்கோஸ் வைத்திருங்கள். படபடப்பும் கைநடுக்கமும் வந்தால் அதுதான் முதலுதவி.

13. தொடை இடுக்கு, அக்குள், பிராவின் ஓரம் உராய்ந்து புண்ணாகும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் ஓடும் ஆண்கள் மார்புக்காம்பில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வது கேலிக்குரிய விஷயம் இல்லை. குளிக்கும்போது எரிந்த பிறகு எல்லோரும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

14. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிற உடை. காதில் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் நீங்களும் ஓடாதீர்கள். நின்று, முதுகைக் காட்டாமல், மெல்ல விலகி நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி வைத்தியம் கூடவே கூடாது.

15. இடம் தேடுகிறவர்களுக்கு: பல மாவட்ட விளையாட்டரங்கங்களில் 400 மீட்டர் ஓடுதளம் உண்டு. பன்னிரண்டரைச் சுற்று 5 கி.மீ. கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ், சென்னையில் மெரினாவும் பெசன்ட் நகரும். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை அறிவித்தது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்று விசாரியுங்கள்.

16. பெண்களுக்குத் தனியாகச் சில. ஷூவுக்குச் செலவழிப்பதற்கு முன் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குச் செலவழியுங்கள். பல வாரம் ஓடியும் மாடி ஏறினால் மூச்சிரைக்கிறது என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்தசோகை இருப்பது சர்வசாதாரணம், அதை ‘எனக்கு ஸ்டாமினா இல்லை’ என்று தப்பாக எண்ணிக்கொள்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் கீகல் பயிற்சி பெரும்பாலோருக்குப் பலன் தரும். குறையாவிட்டால் மகளிர் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மூன்று நாள் காலை டிபனை வேறு யாராவது செய்யட்டும். அதைச் செய்யாமல் ‘ஆல் தி பெஸ்ட்’ சொல்வதில் அர்த்தமில்லை.

17. ஓடாத நாளில் பத்து நிமிடம் காலுக்கு வலு ஏற்றுங்கள். தோப்புக்கரணம் பதினைந்து. பிறகு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மெல்ல இறக்குங்கள். இறக்குவதில்தான் கெண்டைக்காலுக்குப் பலன் அதிகம்.

18. ‘ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்’ என்று சொல்ல ஒருவர் வருவார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரை ஒன்றில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் இது 13.3. அளவோடு ஓடினால் மூட்டுக்குக் கெடுதல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே தேய்ந்த மூட்டு என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

19. இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் வலி பழகப் பழகப் போய்விடும். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி இருக்கும் வலி, நொண்டவைக்கும் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்தினாற்போல இருந்தால், தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் உறையவைத்துப் பாதத்தின் கீழ் பத்து நிமிடம் உருட்டுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

20. ‘என்ன சார், பஸ் போயிடுச்சா?’ என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். சிரித்துவிட்டுப் போங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆள் ஷூ என்ன விலை என்று கேட்பார். வயதைச் சொல்லிக் கேலி செய்பவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்: சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் ஐம்பதைத் தாண்டிய பின் ஓடத் தொடங்கி, நூறு அரை மாரத்தான்களுக்கு மேல் முடித்தவர். ஃபௌஜா சிங் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியின்படி 89 வயதில், 2000-ல், லண்டன் மாரத்தானை ஓடி முடித்தார்.

21. சென்னை மாரத்தான் ஜனவரியில் வரும், அதில் 10 கி.மீ. பிரிவும் உண்டு. அதைக் குறிவைப்பவர்கள் ஜூலையில் தொடங்கினால் நிதானமாகத் தயாராகலாம். பந்தயத்தன்று புது ஷூ, புது சாக்ஸ், யாரோ கொடுத்த புது எனர்ஜி ஜெல் எதையும் பரீட்சை பார்க்காதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போக விடுங்கள். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கம் ரத்த வகையும் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு போன் நம்பரும் எழுத இடம் இருக்கும். அதை முதல் நாள் இரவே நிரப்பிவிடுங்கள். உங்கள் நம்பரை எழுத வேண்டாம், வீட்டில் போன் எடுக்கக்கூடியவர் நம்பரை எழுதுங்கள்.