பாட்டி உட்காரட்டுமா, ஆடட்டுமா?

“பாட்டி, நீங்கள் சும்மா உட்காருங்கள்” என்று அன்போடுதான் சொல்கிறோம். அந்த அன்பே அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும் என்பதை இவ்வாண்டுதான் அறிந்துகொண்டோம்.

எங்கள் விழுப்புரத்துத் தோழி ஒருத்தியின் பாட்டி திண்டிவனத்தில் வாழ்கிறார். கிணற்றடியில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, பயம் பிடித்துக்கொண்டது. வாசலில் கோலமிட வீட்டார் விடவில்லை. ஆறே மாதத்தில் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாமற் போயிற்று.

காரணத்தை அறிவியல் ஆசிரியை விளக்கினார். வேலையற்ற தசை மெலியும், கால் தடுமாறும், தடுமாறியவர் பயந்து இன்னும் அசையார். மறுபடி விழ அதுவே வழி. 65 வயது கடந்தோர் வாரம் 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும், மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையில், பயிற்சி செய்த முதியோர் விழுவது ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது.

ஆனால் பயிற்சி என்றால் எந்தப் பாட்டி இணங்குவார்? விளையாட்டென்றால் வருவார். மேனாட்டு முதியோர் இல்லங்களில், நிண்டெண்டோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ‘வீ’ கருவியைக் கையில் பிடித்து, தொலைக்காட்சித் திரையில் பந்துருட்டி ஆடினார்கள். நமக்கு அந்தச் செலவு எதற்கு? கும்மி இருக்கிறதே! அதில் உடலின் எடை காலுக்குக் கால் மாறுகிறது. குனிந்து நிமிர்ந்து வட்டத்தில் நகர வேண்டும். பாட்டும் நினைவில் நிற்க வேண்டும். கோலத்தில் புள்ளி எண்ணி இழையை வளைப்பது கண்ணுக்கும் கைக்கும் வேலை. பல்லாங்குழியின் 14 குழிகள் விரலுக்கும் கணக்குக்கும் நல்லவை, காலுக்குப் பயனில்லை. (பல்லாங்குழியில் பாட்டியை எங்களால் வெல்லவே முடியவில்லை என்பது வேறு கதை.)

கோடை விடுமுறையில் நால்வர் திண்டிவனம் சென்றோம். மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கினோம். மயக்கமோ இதய நோயோ உள்ளவர்களுக்கு அது மிக அவசியம். கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கும்மியடி வைக்கச் சொன்னோம்.

“இந்த வயசுல எனக்குக் கும்மியாடி?” என்று சினந்தார். மூன்றாம் நாள் எங்கள் அடி தப்பென்று அவரே திருத்தினார்! நான்காம் வாரம் ஒரு கையை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார்.

நாங்கள் புறப்பட்ட காலை, முக்காலியில் அமர்ந்து வாசலில் ஐந்து புள்ளிக் கோலமிட்டார். ஓர் இழை கோணலாயிற்று. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.