சுவை பார்த்து அறிதல்
கானாவூர்ப் பந்தியிலிருந்து ஒரு பாடம்

கானாவூர்க் கலியாணத்தில் சேசுநாதர் சுவாமி செய்தருளிய முதற் புதுமையை நாம் சிறு பிராயமுதல் கேட்டிருக்கிறோம். ஆறு கற்சாடிகளில் நிரப்பிய தண்ணீர் திராட்ச இரசமாயிற்று. அந்த இரசம் நல்லதென்று முதலில் தீர்ப்புச் சொன்னவன் யார்? பந்தி விசாரிப்புக்காரன். அது எங்கிருந்து வந்ததென்று அவன் அறியான். நாவில் பட்டதை மாத்திரம் கொண்டு, முந்தினதைவிட இது மேலானது என்று கண்டுகொண்டான்.

அவன் மணவாளனிடம் சொன்ன பேச்சும் கவனிக்கத் தக்கது. எவரும் நல்ல இரசத்தை முதலில் பரிமாறி, விருந்தாளிகள் நன்றாய்க் குடித்த பிறகே மட்டமானதை வைப்பார்கள் என்றான். ஏன்? குடித்து மயங்கினவனுக்கு நல்லதும் மட்டமும் ஒன்றுதான். சுவை பார்க்கும் தொழிலில் இதுவே முதல் விதி. இன்றும் இரசத்தைச் சோதிக்கும் நிபுணர்கள், வாயில் வைத்துச் சுவைத்ததை விழுங்காமல் துப்பிவிடுகிறார்கள். மயக்கம் வந்தால் தொழில் கெடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் சோதிக்கும் முறை என்ன?

முதலாவது, கண். கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பார்கள். சிவப்பு இரசத்தின் நிறம் பழத்தோலிலிருந்து வருவது. வயது ஏற ஏற ஊதாச் சாயல் நீங்கிச் செங்கல் நிறம் தோன்றும். வெள்ளை இரசமோ நாளடைவில் பொன்னிறமாகும்.

இரண்டாவது, மூக்கு. கிண்ணத்தை மெல்லச் சுழற்றி மணத்தை எழுப்பி முகருவார்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணமே. சளி பிடித்தபோது சாம்பாரும் சப்பென்றிருப்பது இதனால்தான். பிராந்தி, விஸ்கி முதலிய வடித்த மதுவகைகள் நூற்றுக்கு 40 பங்குக்கு மேலும் சாராயச் சத்து உள்ளவை. அவற்றைக் கலந்து தயாரிக்கும் நிபுணர்கள் தண்ணீர் சேர்த்துக் காரத்தைத் தணித்து, பெரும்பாலும் மூக்காலேயே சோதிக்கிறார்கள்.

மூன்றாவது, நா. இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு எவ்வளவென்று பார்ப்பார்கள். சிவப்பு இரசத்தின் துவர்ப்பு பழத்தோலிலும் விதையிலும் உண்டு. பாக்கு மென்றவருக்கும் நாவற்பழம் தின்றவருக்கும் அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கடைசியாக, சுவை நாவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பார்கள்.

பிறகு, கண்டதைத் தெளிவான சொல்லால் சொல்ல வேண்டும். "நன்றாயிருக்கிறது" என்றால் போதாது. எலுமிச்சை மணமா, உலர்ந்த திராட்சை மணமா, மரப்பீப்பாயின் மணமா என்று அறிந்த பொருளோடு ஒப்பிட வேண்டும்.

இதற்கு நம் தமிழில் சொற்பஞ்சமில்லை. தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று பெயர். தெளிவே அதன் பெயராயிற்று. புறநானூற்றில் நக்கீரர், யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாடும்போது அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் குறிக்கிறார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் துரை தோண்டியபோது, மேல்நாட்டு இரசம் வந்த இருகைச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. நம் உத்திரமேரூருக்கு வடக்கே ஓடும் பாலாறு கடலில் சேருமிடத்துக்கு அருகில் வசவசமுத்திரம் என்ற ஊர் உண்டு. அங்கே 1970ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் தோண்டியபோதும் கடல்வழி வந்த சாடிகளின் துண்டுகள் அகப்பட்டன.

திருச்சபையும் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. பூசைக்கான இரசம் திராட்சைப் பழத்திலிருந்து உண்டானதாயும், கெடாததாயும் இருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 924ஆம் விதியில் கூறுகிறது. இரசத்தில் காற்று பட்டு ஒருவகைக் கிருமி வளர்ந்தால் அது காடியாகிவிடும். காடியாய்ப் போனது பூசைக்கு ஆகாது. ஆகவே அதைக் கெடாமல் காப்பது கோயிற் கடமைகளில் ஒன்று.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. கண்ணும் மூக்கும் நாவும் கண்டுபிடிக்க முடியாத விஷம் ஒன்றுண்டு. அதுதான் மெத்தனால். பார்வைக்கும் மணத்துக்கும் ருசிக்கும் சாதாரணச் சாராயம் போலவே இருக்கும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைக் கெடுத்து உயிரையும் வாங்கும். 2023ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், நமக்கு அடுத்த செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்திலும் இருபது பேருக்கு மேல் இதனால் மாண்டார்கள். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். "ருசி பார்த்தேன், நல்ல சரக்கு" என்பவனை நம்பாதேயுங்கள். குடித்த சில மணி நேரத்திலோ மறுநாளோ வாந்தியும் வயிற்றுவலியும் பார்வை மங்கலும் கண்டால், வெட்கத்தையும் வழக்குப் பயத்தையும் விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாமதியாமல் போனால் மாற்று மருந்து உண்டு. தூங்கினால் தெளியும் என்று படுக்கவைத்த வீட்டில்தான் விடியுமுன் அழுகுரல் கேட்கும்.

சுவையறியும் பழக்கத்துக்கு மது வேண்டியதில்லை. பனை இறக்கும் காலத்தில் பதநீர் வாங்கிக் குடும்பமாய்ச் சோதித்துப் பாருங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகத் தொடங்கும். நிறம் என்ன, நுரை உண்டா, சுண்ணாம்பு வாசம் தெரிகிறதா, புளிப்பு தட்டுகிறதா என்று பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்லட்டும். பதம் அறிந்த நாவு, கெட்டதைச் சீக்கிரம் ஒதுக்கும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. பந்தி விசாரிப்புக்காரன் எதைக் கொண்டு இரசத்தை நல்லதென்று அறிந்தான்?
2. இரசத்தைச் சோதிப்பவர்கள் அதை ஏன் விழுங்குவதில்லை?
3. எந்தப் பூசை இரசம் ஆகாது? ஏன்?
4. நாவால் கண்டுபிடிக்க முடியாத விஷம் எது? அதைக் குடித்தவருக்கு உடனே செய்ய வேண்டியது என்ன?