கண்ணியா, ஒடியலா?

கேள்வி: பஞ்சம் வந்தால் கண்ணி வைத்து முயல் பிடித்தே உயிர்தப்பலாம்தானே? (வாசகர், பண்டத்தரிப்பு)

பதில்: ஓரிரு நாளைக்குத் தப்பலாம். நாம் தூங்கினாலும் கண்ணி தூங்காது என்பார்கள். உண்மைதான், தடம் தெரிந்தவருக்கு. ஆனால் பெருங்காடில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊரே கண்ணி வைத்தால் முயல் எத்தனை நாளைக்கு மிஞ்சும்? அதன் இறைச்சியில் கொழுப்பும் சொற்பம்; அதையே தின்றவர்கள் வயிறு நிறைந்தும் நலிந்துபோனதை வடதுருவப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குக் கைகொடுத்தது பனைதான். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். இடித்த மாவை ஊறவைத்து, கசப்புநீரை வடித்து அவித்தால் பிட்டு, மீனோடு காய்ச்சினால் கூழ். பொறிதான் வேண்டுமென்றால், களப்பில் சிறகுவலை இருக்கிறது: தடிகளில் கட்டிய வலை மீனை வழிநடத்திக் கூட்டுக்குள் தள்ளும். கண்ணியில் உடும்பு சிக்கினால் விட்டுவிடுங்கள், அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பிராணி. பசிக்குச் சட்டம் தெரியுமா என்பீர்கள். வளவில் பனை நிற்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.