வெள்ளைப் புலி

புவனேசுவர் நகரில் ஒரு வீடு. அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் புலி வரைந்தார். மகளிடம் கொடுத்தார்.

"மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசு. கரித்துண்டால் கோடு போடு" என்றார்.

மகள் கோடு மட்டும் போட்டாள். மஞ்சள் பூசவில்லை.

அப்பா பார்த்தார். "வெள்ளைப் புலி உண்டா? தப்பாகப் போட்டிருக்கிறாயே!" என்றார்.

மகளின் முகம் வாடியது. தாளைக் கசக்கப் போனாள்.

அம்மா தடுத்தார். "ஏன் இப்படிப் போட்டாய், கண்ணு?"

"நந்தன்கானன் பூங்காவில் பார்த்தேனே!"

"ஆமாங்க, உண்டு. வகுப்பில் படித்தேன். அங்கே 1980-ம் ஆண்டு மஞ்சள் நிறப் புலிகளுக்கு 3 வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. வெள்ளை நிறம் நோய் அல்ல. பிறவியிலேயே வருவது" என்றார் அம்மா.

"எனக்குத் தெரியாதே!" என்றார் அப்பா. படத்தைச் சுவரில் ஒட்டினார்.

செய்து பாருங்கள்

1. குழந்தைக்கு ஒரு மிருகம் வரைந்து கொடுங்கள்.
2. மஞ்சள், கரி, இலைச்சாறு கொண்டு நிறம் தீட்டட்டும்.
3. சோற்றுப் பசையால் அட்டையில் ஒட்டி, நீங்கள் வெட்டிக் கொடுங்கள்.
4. இருவரும் சேர்ந்து பெயர் எழுதுங்கள்.

தப்பு என்று சொல்லாதீர்கள். முதலில் ஏன் என்று கேளுங்கள்.